இயங்குதளம் நிறுவுவது புதியவருக்கு எங்கே கடினமாகிறது? கண்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு நின்றுபோனது. கண்டிப் பகுதியில் இது வீட்டுக்கு வீடு எட்டிப்பார்த்த ஒரு பிரச்சினை. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்காகப் பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கியவர்கள் இங்கே ஏராளம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ஐ எட்டியபோது, புதியதொன்று வாங்கும் எண்ணத்தைப் பலர் கைவிட்டார்கள். ஆகவே பழைய இயந்திரம் இன்னும் மேசையில் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் அதில் இல்லை. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வரத் தொடங்கியதே 2017 இல்தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன. மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றோடு இணைத்து 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறலாம். தகுதிச் சோதனையை எப்படியாவது தாண்டவைத்து விண்டோஸ் 11 ஐப் போடலாம். லினக்ஸ் ஒன்றுக்கு மாறலாம். முதலாவது, ஒரு வருடத் தவணை மட்டுமே. மற்ற இரண்டுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். பாடசாலையில் ‘பணிசெயல் முறைமை’ என்ற அலகைப் படித்து, அதன் தொழிற்பாடுகளைச் சாதாரண தரப் பரீட்சையில் எழுதி, நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளைகூட ஒருமுறையேனும் அதைத் தன் கையால் நிறுவிப் பார்த்திருப்பது அரிது.

இங்கே அது கடைக்காரரின் வேலை. நகரத்துக்குள்ளும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளைப் பக்கங்களிலும் உள்ள சிறிய கொம்பியூட்டர் கடைகளில் தினமும் நடப்பது இது. “தம்பி, சரியான ஸ்லோ. விண்டோஸ் அடிச்சுத் தாங்க” என்று லப்டொப்பைக் கொடுக்கிறார்கள். “உள்ள முக்கியமான ஃபைல் ஏதாச்சும் இருக்கா அண்ணே? டெஸ்க்டொப்ல இருக்கிறதெல்லாம் போயிரும்” என்று கடைக்காரர் கேட்கிறார். மாலையில் லப்டொப் திரும்பி வருகிறது. அந்தச் சில மணி நேர வேலைக்குள் விண்டோஸ் மட்டும் இருப்பதில்லை. வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றுக்கான டிரைவர்கள், ஒஃபிஸ், படம் பார்க்க விஎல்சி, குரோம், ஸூம், தமிழ் தட்டச்சுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்எம் அபயா எல்லாமே ஏற்றப்பட்டிருக்கும். உரிமம் இல்லாத பிரதி என்பது பெரும்பாலும் இருவருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அந்தக் கடைக்காரரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. புதியவருக்கு நிறுவல் என்றால் என்ன என்பதை, பெரிய நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களைவிட அவர் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார். நிறுவலை எளிதாக்குவது பற்றி உலகெங்கும் நடந்த முயற்சிகளில் பெரும்பங்கு ஒரே இடத்தில் செலவானது: நிறுவும்போது வரும் திரைகள். எத்தனை கேள்வி கேட்கலாம், பொத்தான் எங்கே இருக்கலாம் என்பவை. அந்தத் திரைகள் சுமார் இருபது வருடங்களுக்கு முன்பே போதுமான அளவு எளிதாகிவிட்டன. புதியவர் தடுக்கி விழுவது அந்தத் திரைக்கு முன்னும் பின்னும்தான். கடைக்காரர் காசு வாங்குவதும் அந்த முன்னுக்கும் பின்னுக்கும்தான்.

திரைகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1993 ஜூலையில் வந்த ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் விநியோகம் 24 ஃபிளொப்பிகளில் பரவியது. வன்தட்டைப் பிரிப்பது, எந்த அட்டை எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்வது எல்லாம் நிறுவுபவரின் பொறுப்பு. 1999 இல் கால்டெரா ஓபன்லினக்ஸ் 2.2 சுட்டியால் நகர்த்தும் வரைகலை நிறுவியைக் கொண்டுவந்தது. கோப்புகள் பின்னால் படியெடுக்கப்படும் நேரத்தில் பயனர் டெட்ரிஸ் விளையாடலாம். புதியவரின் பதற்றத்தைப் பற்றி யாரோ ஒருவர் அக்கறையோடு யோசித்திருக்கிறார் என்பதற்கு அது நல்ல சாட்சி. ரெட்ஹாட்டின் அனகொண்டா நிறுவியும் அதே காலத்தில் வந்து, இன்றும் ஃபெடோரா என்ற விநியோகத்தில் தொடர்கிறது.

இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது நிறுவியே அல்லாத ஒன்று. 2000 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் க்ளாவுஸ் நொப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமலே சிடியிலிருந்து முழு இயங்குதளத்தையும் ஓட்டிக் காட்டியது. புதியவரின் முதல் கேள்வி எப்போதும் ‘என்னுடையது ஏதாவது அழிந்துபோகுமா?’ என்பதுதான். அதற்கு ‘போகாது, முதலில் பார்’ என்று பதில் சொன்னது அதுவே. 2006 ஜூனில் வந்த உபுண்டு 6.06 இரண்டையும் ஒன்றாக்கியது. அதே சிடியில் ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மேசையில் உள்ள சின்னத்தைச் சொடுக்கி நிறுவலாம். கேள்விகள் மொழி, ஊர், விசைப்பலகை, பெயர், வன்தட்டு அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் உபுண்டு செய்த இன்னொரு காரியம் நம்மைப் போன்ற நாடுகளுக்குத் திரையைவிடப் பெரிதாக உதவியது. கேட்பவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். ஷிப்இட் என்ற அந்தச் சேவை 2011 வரை நடந்தது. 700 எம்பியைத் தொலைபேசி இணைப்பில் இறக்குவது நினைத்துப்பார்க்க முடியாததாக இருந்த நாளில், உறையோடு வந்த வட்டு வேறெந்த வசதியும் தீர்க்காத ஒன்றைத் தீர்த்தது. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 உடன் வந்த வூபியையும் இங்கே சொல்ல வேண்டும். விண்டோஸுக்குள் ஒரு சாதாரண மென்பொருளைப் போல லினக்ஸை நிறுவி, வேண்டாமென்றால் கன்ட்ரோல் பெனலில் போய் நீக்கிவிடலாம். வன்தட்டைப் பிரிக்கத் தேவையே இல்லை. புதியவருக்கு இவ்வளவு இணக்கமான இன்னொரு வழி அதன்பின் வரவில்லை என்பது என் கருத்து. விண்டோஸ் 8 உம் புதிய யூஇஎஃப்ஐ தொடக்க முறையும் வந்ததும் அது தடுமாறி, 13.04 இல் கைவிடப்பட்டது.

இலங்கையில் இந்த அலையின் முதல் தடங்கள் லங்கா லினக்ஸ் பயனர் குழுவிலும், தப்ரபேன் என்ற பெயரில் வந்த லைவ் சிடியிலும் தெரிகின்றன. 2003 இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு நிறுவன முகவரியைத் தந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு உருவான சஹானா மென்பொருள் உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் வீட்டு மேசையிலிருக்கும் புதியவரை நேரடியாக மனத்தில் வைத்து, நம் மலையின் பெயரிலேயே வந்த முயற்சி ஹந்தானை லினக்ஸ்தான்.

ஹந்தானை, கண்டிக்குத் தெற்கே, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் எழும் மலைத்தொடர். அதன் தேயிலைத் தோட்டங்களும் பல்கலைக்கழக மாணவர்களின் நினைவுகளும் சேர்ந்து அந்தப் பெயருக்கு இந்த நாட்டில் தனியான வாஞ்சை ஒன்றைத் தந்துள்ளன. தனிஷ்க நவின் என்ற ஃபெடோரா ஆர்வலர் முன்னின்று நடத்திய ஹந்தானை லினக்ஸ், ஃபெடோராவை எடுத்து, இலங்கைப் பயனருக்கென்று திரும்பப் பொதிந்தது. ஒரு டிவிடி. ஓட்டிப் பார்க்கலாம், நிறுவலாம். அலுவலக மென்பொருள், கல்வி மென்பொருள், ஒலி ஒளி இயக்கிகள், நிரல் எழுதும் கருவிகள் எல்லாம் உள்ளேயே இருந்தன.

இது ஏன் முக்கியமென்று விளங்க, அந்நாளைய ஃபெடோராவை நினைவுகூர வேண்டும். காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா எம்பி3 கோப்பை இயக்கும் மென்பொருளைத் தன்னோடு தரவில்லை. 2016 இலும் 2017 இலும்தான் அந்தத் தடை படிப்படியாக நீங்கியது. அதுவரை ஒரு புதியவர் ஃபெடோராவை நிறுவி, பாட்டு ஒன்றைச் சொடுக்கினால் ஒலி வராது. தீர்வு சில கட்டளைகள்தான். ஆனால் அவற்றை ஓட்ட இணையம் வேண்டும். நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டில், டொங்கிளில் மீந்திருக்கும் டேட்டாவை எண்ணிப் பாவிக்கும் குடும்பத்துக்கு அது ஒரு சுவர். ஹந்தானையைப் பொதிந்தவர்கள் அந்தச் சுவரைக் கண்டார்கள். நிறுவிய கையோடு பாட்டுக் கேட்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், பிள்ளை கணக்குப் பயில வேண்டும், எதற்கும் இணையம் தேவைப்படக்கூடாது. மேலே சொன்ன கடைக்காரரின் அறிவும் இதுதான்.

ஆனால் அந்த முயற்சியின் அடித்தளத்தில் ஒரு பலவீனம் இருந்தது. ஃபெடோரா சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதங்களே ஆதரவு. புதியவருக்கு வேண்டியது ஒருமுறை போட்டால் பல வருடங்கள் தொந்தரவில்லாமல் ஓடுவது. ஐந்து வருட ஆதரவுள்ள உபுண்டு நீண்டகாலப் பதிப்போ டெபியனோ அதற்குப் பொருத்தமாக இருந்திருக்கும். சில தொண்டர்களின் உழைப்பால் ஒவ்வொரு அரை வருடமும் டிவிடி அளவு பொதியைத் திரும்பக் கட்டிச் சோதிப்பது எந்தக் குழுவையும் களைப்பாக்கும். இன்னொன்றும் உண்டு. 2013 ஜனவரியில் ஃபெடோரா 18 உடன் அனகொண்டா முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. வன்தட்டுப் பகுதியில் அனுபவசாலிகளே குழம்பினார்கள். முடிந்தது என்னும் பொத்தான் திரையின் இடது மேல்மூலையில் ஒளிந்திருந்தது. ஃபெடோராவின் மேல் நிற்பவர் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது.

இனி இன்றைய தடைகளுக்கு வருவோம். முதல் தடை, இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றுவது. இன்றைய உபுண்டு ஏறக்குறைய 6 ஜிபி. கைபேசி டேட்டாவில் அதை இறக்குவது பெரும் செலவு. இரவு நேர டேட்டா உள்ள பொதி இருந்தால் நள்ளிரவில் இறக்கிவிடலாம். இறக்கிய கோப்பைப் பென்டிரைவில் சும்மா படியெடுத்துப் போட்டால் அது தொடக்காது என்பது முதல் முறை செய்பவருக்குத் தெரிய நியாயமில்லை. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகள் வேண்டும். 2020 இல் வந்த வென்டோய் இதைப் பெரிதும் தணித்தது. ஒருமுறை பென்டிரைவைத் தயார்செய்துவிட்டால் அதன்பின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா படியெடுத்துப் போட்டாலே போதும். விண்டோஸும் இரண்டு மூன்று லினக்ஸும் ஒரே குச்சியில் இருக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்படாத நிரல்களைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில் வென்டோய் முதல்முறை ஒரு நீலத் திரையைக் காட்டி, சான்றிதழைப் பதிவுசெய்யச் சொல்லும். நீலத் திரை என்றாலே பயப்படப் பழகியவருக்கு அதுவே போதும் பின்வாங்க.

இரண்டாவது, பென்டிரைவிலிருந்து தொடக்குவது. எஃப்2, எஃப்9, எஃப்12, டிலீட் என்று ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விசை. 2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவலான செக்யூர் பூட் முறையால் சில காலம் லினக்ஸ் தொடங்கவே மறுத்தது. மத்தியூ கேரட் உருவாக்கிய ஷிம் என்ற சிறிய நிரலால் பெரிய விநியோகங்கள் அதைக் கடந்தன. 2020 க்குப் பின் வந்த பல இன்டெல் லப்டொப்களில் வேறொன்று. விண்டோஸ் 11 ஐயே நிறுவப்போனால்கூட ‘வன்தட்டு எதையும் காணவில்லை’ என்று வெற்றுப் பட்டியல் வரும். இன்டெலின் விஎம்டி என்ற சேமிப்பக முறைக்கான டிரைவரைத் தனியே இறக்கி, அந்த இடத்தில் கொடுக்க வேண்டும். வன்தட்டு பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியதொன்றை வாங்க இது ஒருவரைத் தள்ளிவிடக்கூடும். டிரைவரை ஏற்றச் சொல்லும் அந்தத் திரை, அது ஏன் தேவை என்று ஒரு வரி விளக்கம் சொன்னால் போதும். இன்றுவரை சொல்வதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் மூன்றாவது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் வன்தட்டை சி, டி, சிலவேளை ஈ என்று பிரித்துக் கொடுப்பது கடைகளின் நீண்டகால வழக்கம். விண்டோஸ் சியில் இருக்கும். கல்யாணப் படங்கள், பிள்ளையின் பயிற்சித் தாள்கள், தோட்டத்துச் சங்கக் கணக்கு எல்லாம் டியில். விண்டோஸ் கெட்டுப்போனால் சியை மட்டும் ‘போமட் அடித்து’ மீண்டும் நிறுவுவார்கள். டி அப்படியே இருக்கும். இது ஒரு நல்ல வழக்கம். தனி வன்தட்டில் நகல் வைக்க வசதியில்லாத வீடுகளுக்கு, நகலுக்குப் பதிலான ஒரு காப்பாக அது இருந்துவந்திருக்கிறது. ஆகவே நம்மவர் மனத்தில் ‘போமட்’ என்றால் சி மட்டும் அழிவது என்று பதிந்துவிட்டது.

இப்போது அவர் உபுண்டுவின் பென்டிரைவைச் செருகுகிறார். வன்தட்டு பற்றிய கேள்வி வருகிறது. ‘வட்டை அழித்து நிறுவு’ என்பது எளிய வழி என்று அங்கே தெரியும். சரி, எப்போதும் போல அழித்து நிறுவுவோம் என்று சொடுக்குகிறார். டியும் சேர்ந்து போய்விடுகிறது. எச்சரிக்கை இருந்தது என்பது உண்மை. அதைப் படித்தவர் ‘வட்டு’ என்பதைத் தனக்குத் தெரிந்த பொருளில் படித்தார் என்பதும் உண்மை. வேறொரு நாட்டில், ஒரே பகிர்வில் (பார்டிஷனில்) எல்லாம் வைத்திருப்பவருக்காக எழுதப்பட்ட வாசகம் அது. கண்டியில் லினக்ஸ் என்றதும் சில கடைக்காரர்கள் தலையசைத்து மறுப்பதற்கு இத்தகைய ஒரு இழப்பு போதும். ஒரு குடும்பத்தின் பத்து வருடப் படங்கள் போனபின் அவர்களிடம் எந்த விளக்கமும் எடுபடாது.

நிறுவிகள் இங்கே செய்ய வேண்டியது தெளிவானது. வட்டில் உள்ள பகிர்வுகளைப் பார்த்து, அவற்றில் படங்களும் ஆவணங்களும் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணி, ‘இந்த வட்டின் டி பகுதியில் இத்தனை படங்கள் இருக்கின்றன, அவையும் அழியும்’ என்று சொல்ல வேண்டும். பகிர்வுகளைப் படிக்கும் திறன் நிறுவிக்கு ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகிர்வைச் சுருக்கி இடம் எடுக்கவே அதற்குத் தெரியும். கோப்புகளை எண்ணுவது அதைவிடக் கடினமான வேலை அல்ல. இரண்டாவதாக, ‘விண்டோஸ் இருக்கும் பகுதியை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே’ என்ற தெரிவைப் பட்டியலின் மேலே வைக்க வேண்டும். இப்போது அதைச் செய்ய, கையால் பகிர்வு அமைக்கும் திரைக்குள் போய் எக்ஸ்ட்4, மவுண்ட் பொயின்ட், ஈஎஃப்ஐ பகிர்வு என்று புதியவர் எதிர்பாராத மூன்று சொற்களைச் சந்திக்க வேண்டும்.

அதுவரை, பழைய லப்டொப்புக்கு நான் யாருக்கும் சொல்லும் வழி ஸ்க்ரூ டிரைவர்தான். பழைய சுழலும் வன்தட்டைக் கழற்றி அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் போட்டு, அதில் நிறுவுங்கள். எதையும் அழிக்கச் சொல்லும் திரையில் அழிய எதுவுமே இருக்காது. இயந்திரமும் புதியது போல வேகமெடுக்கும். பழைய தட்டை யூஎஸ்பி உறையொன்றில் இட்டு வேண்டியதைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். செலவு உண்டு. ஆனால் கடைக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியது.

புதிய இயந்திரங்களில் ஆபத்து வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. திருட்டுக்கு எதிரான நல்ல பாதுகாப்பு. ஆனால் மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது. வீட்டில் யாருக்கும் மின்னஞ்சல் கடவுச்சொல் நினைவில்லை, ஆகவே நிறுவிக் கொடுத்தவரே தற்காலிகமாக ஒரு கணக்கைத் திறந்து உள்ளே போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பயாஸ் அமைப்பை மாற்றும்போதோ லினக்ஸை அருகில் நிறுவும்போதோ 48 இலக்கத் திறவுகோலைக் கேட்டு இயந்திரம் நின்றுவிடும். அது யாருடைய கணக்கில் இருக்கிறதென்று வீட்டாருக்குத் தெரியாது. இரட்டை நிறுவல் செய்யப்போகும் எவரும் முதலில் இந்தத் திறவுகோலை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். நிறுவி அதைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பழைய இயந்திரத்துக்கு லினக்ஸ் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 32 பிட் இயந்திரங்களை ஃபெடோரா 2019 இல் கைவிட்டது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 க்கு 32 பிட் பிசிக்கான நிறுவி இல்லை. எதிர்ப்பக்கம் நல்ல செய்தியும் உண்டு. வைஃபை அட்டைகளுக்கான மூடிய நிரல்களைத் தன் நிறுவியில் சேர்க்க டெபியன் 2022 இல் வாக்களித்து முடிவுசெய்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை உள்ளேயே இருக்கின்றன. கொள்கையில் உறுதியான ஒரு சமூகம் புதியவரின் சிரமத்துக்காக இறங்கிவந்தது. நிறுவும்போதே இணையம் கிடைப்பதும் கிடைக்காததும் பல இடங்களில் இந்த ஒரு முடிவில் தங்கியிருந்தது.

மொழிக்கு வருகிறேன். விண்டோஸின் நிறுவி தமிழில் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் நிறுவி முடித்தபின் தமிழ் இடைமுகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. லினக்ஸ் பக்கம் நிலைமை மேலானது. டெபியன் நிறுவியைத் தமிழில் நடத்தலாம், வரைகலை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால்; எழுத்து மட்டும் காட்டும் வடிவத்தில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்ட இயலாததால் பட்டியலில் தமிழே வராது. இலங்கைத் தமிழுக்கென்று தனி வட்டார அமைப்பும் லினக்ஸில் இருக்கிறது. அதைத் தேர்ந்தால் திகதியும் நாணயமும் இலங்கை முறையில் வரும். இதைத் தமிழர்களே உழைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாத நிறுவிகளில் ஒரு வரி தமிழும் மறுவரி ஆங்கிலமுமாக வரும். அழிக்கப்போகிறேன் என்ற எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டால், பாதித் தமிழைவிட முழு ஆங்கிலமே பாதுகாப்பானது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டி மாவட்டத்தில் சிங்களம் பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் ஒரே லப்டொப் கடைக்குத்தான் போகின்றன. ஆகவே இங்கே பொதியப்படும் எதுவும் இரண்டு மொழியையும் முதல் திரையிலேயே காட்ட வேண்டும்.

அண்டை நாட்டிலிருந்து இரண்டு அனுபவங்களைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இந்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து நிறுவிக் கொடுத்தார்கள். நிறுவும் சிரமம் மாணவருக்கு இல்லவே இல்லை. ஆனாலும் தொடக்கப் பட்டியலில் இருந்த அந்த இரண்டாவது பெயரை யாரும் சொல்லித்தராததால் பலர் அதைத் திறந்ததே இல்லை. கேரளத்தில் கதை வேறு. அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிப் பாடங்களுக்கான எல்லா மென்பொருளையும் சேர்த்துத் தனிப் பொதி செய்தது. பாடநூல் அதைக்கொண்டே எழுதப்பட்டது. ஆசிரியர்கள் அதிலேயே பயிற்சி பெற்றார்கள். 2018 இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுக்கள் மென்பொருள் சுதந்திர நாளையொட்டி நிறுவல் விழாக்களை நடத்துகின்றன. ஊரார் தங்கள் லப்டொப்பைக் கொண்டுவருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நிறுவிக்கொடுக்கிறார்கள். புதியவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள். அதற்கு ஈடான திரை இன்னும் வடிவமைக்கப்படவில்லை.

கண்டியில் அந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. பேராதனையில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு உபுண்டு, டெபியன் முதலியவற்றின் முழு நகல்களை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அங்கிருந்து இறக்கினால் வெளிநாட்டு இணைப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை. கோவில்களிலும் விகாரைகளிலும் நூலகங்களிலும் கிராமப்புறங்களில் திறக்கப்பட்ட நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்களுக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளை பத்து லட்சம் டொலர் விருது வழங்கியது. அவற்றில் இன்றும் இயங்கும் ஒவ்வொன்றிலும் வென்டோய் இட்ட ஒரு பென்டிரைவ் இருக்கலாம். ஒரு நீண்டகாலப் பதிப்பு, தேவையான ஒலி ஒளி மென்பொருள், லிப்ரெஒஃபிஸ், வைஃபை நிரல்கள், பாடத்திட்ட மென்பொருள் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். ஹந்தானை காட்டிய வழியில், ஹந்தானை தடுக்கிய இடத்தைத் தவிர்த்து. கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாத பிரதியால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை, கூலிதான் லாபம். லினக்ஸ் போட்டாலும் அந்தக் கூலி அவருக்குத்தான்.

தமிழுக்கென்று செய்ய வேண்டிய ஒரு வேலை தனியே நிற்கிறது. இலங்கையில் தமிழ் தட்டச்சுப் பழகியவர்களின் விரல்களில் இருப்பது ரெங்கநாதன் விசையமைப்பு. எஸ்எல்எஸ் 1326 என்ற நாட்டின் தமிழ்த் தரமும் அதையே கொண்டது. பாமினியில் அடிப்பவர்களும் ஏறக்குறைய அதே ஒழுங்கில்தான் அடிக்கிறார்கள். நிறுவியில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தேர்ந்தால் வருவது தமிழ்99 என்ற வேறொரு விசையமைப்பு வகை. காரணம் தொழினுட்பம் சார்ந்தது. தட்டச்சு முறையில் ‘கெ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு கொம்பு. இந்த முன்பின் மாற்றத்தை நிறுவியின் எளிய விசைப்பட்டியலால் செய்ய முடியாது. ஒரு உள்ளீட்டு முறை நடுவில் இருக்க வேண்டும். அந்த முறை எம்17என் என்ற உள்ளீட்டு முறைத் தொகுப்பில் ரெங்கநாதன் பெயரிலேயே பல வருடங்களாக இருக்கிறது. நிறுவியபின் அமைப்புகளுக்குள் போய்த் தேடத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிறது. கம்பளையில் கடிதம் தட்டச்சு செய்து பிழைக்கும் ஒருவர் லினக்ஸை நிறுவிய முதல் நிமிடத்தில் ‘தமிழ் மாறி விழுகிறது’ என்று சொல்லி எழுந்துவிடுவார். தமிழும் இலங்கையும் தெரிவானதும் அந்த உள்ளீட்டு முறையைத் தானாக இயக்கிவைக்கும்படி ஃபெடோராவிலும் உபுண்டுவிலும் டெபியனிலும் திருத்தம் கோரலாம். கோருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்றின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது; திருத்தத்தை எழுத ஒரு மாணவரும், அடித்துப் பார்த்துச் சொல்லப் பாமினியில் கைதேர்ந்த சிலரும் வேண்டும்.